தொடையைத் தட்டாதே என்கிறார்கள்

விளையாட்டு வீரனுக்குச் சொல்லப்படும் புத்திமதிகளில் மிகவும் பழசானது 'உணர்ச்சியைக் கட்டுப்படுத்து' என்பதுதான். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் முதல் ஒலிம்பிக் அணியோடு விமானத்தில் போகும் உளவியல் நிபுணர் வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள். கோபப்படாதே. பயப்படாதே. அழாதே. ஆட்டத்தை மட்டும் நினை. இது பொதுவான அறிவுரை, எல்லோருக்கும் ஒன்றுதான் என்றும் சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன். இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒன்றாக எது இருக்கிறது? குடிக்கிற தண்ணி ஒன்றாக இல்லை. செத்தால் போகிற சுடுகாடு ஒன்றாக இல்லை. அறிவுரை மட்டும் எப்படிப் பொதுவாகும்?

விஷயத்துக்கு வருவோம். போட்டி நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் வறண்டுபோகிறது, கை நடுங்குகிறது. இது யாருக்கும் நடப்பதுதான். இதற்கு விளையாட்டு உளவியல்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ரொம்பக் குறைந்தாலும் ஆட்டம் சுரத்தில்லாமல் போகும், ரொம்பக் கூடினாலும் குலைந்துபோகும், நடுவாந்தரமாக இருந்தால் நல்லது என்பது அந்த விதி. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1908இல் அமெரிக்காவில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு பேர் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு கருப்புப் பெட்டி. எலி வெள்ளைக்குள் நுழைய வேண்டும். கருப்புக்குள் நுழைந்தால் மின்சார அதிர்ச்சி. எந்த அளவு அதிர்ச்சி கொடுத்தால் எலி சீக்கிரம் கற்றுக்கொள்கிறது என்று கணக்கெடுத்தார்கள். இதே யெர்க்ஸ்தான் முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் பட்டாளத்துக்கு அறிவுச் சோதனை வகுத்துக் கொடுத்த குழுவின் தலைவர். கறுப்பின மக்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று நிறுவப் பார்த்தவர்களுக்கு அந்தச் சோதனையின் முடிவுகள் ஆயுதமாகப் பயன்பட்டன.

இதைச் சொல்வதால் அந்த எலிச் சோதனை பொய் என்று ஆகிவிடாது. என் கேள்வி வேறு. அதிர்ச்சி எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டார்கள், எலி அதை எப்படித் தாங்குகிறது என்று கேட்டார்கள். அதிர்ச்சி கொடுக்கிற கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. இன்றுவரை விளையாட்டு உளவியலின் பெரும்பகுதி எலியைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. ஏன் எலியே, உனக்கு மன உறுதி போதவில்லையே என்கிறது.

நன்றாகப் பழகிய உடம்பு தானாக வேலை செய்யும். கபடி பாடப் போகிறவன் எந்தக் காலை எப்போது வைப்பது என்று யோசித்துக்கொண்டு போவதில்லை. பந்து போடுகிறவன் விரலை எண்ணிக்கொண்டு போடுவதில்லை. என்றைக்கு அவன் தன் காலையும் விரலையும் தானே கவனிக்க ஆரம்பிக்கிறானோ அன்றைக்குத் தடுமாறுகிறான். முக்கியமான நேரத்தில் கோட்டை விடுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று உளவியல்காரர்களே எழுதுகிறார்கள். தன்னை மறந்தால் ஆட்டம், தன்னைப் பார்த்துக்கொண்டால் தடுமாற்றம்.

இப்போது சேரியில் பிறந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நடப்பதுதான் அது பிறந்ததிலிருந்து படிக்கிற பாடம். எந்தத் தெரு வழியாகப் போகிறோம், சைக்கிளை ஏறி ஓட்டுகிறோமா தள்ளிக்கொண்டு போகிறோமா, குரல் உயர்ந்துவிட்டதா, சட்டைக் காலர் தூக்கி இருக்கிறதா, யார் பார்க்கிறார்கள். இருபத்து நாலு மணி நேரமும் தனக்குத் தானே காவல். இந்தப் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டு 'எல்லாத்தையும் மறந்துட்டு ஆடு' என்கிறீர்கள். மறந்தால் உதை விழும் என்று கற்றுக்கொடுத்தது யார்?

இது கற்பனை இல்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. 6, 7ஆம் வகுப்புப் பையன்கள். தாளில் போட்டிருக்கும் சிக்கலான பாதைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் காசு. யார் என்ன சாதி என்று அறிவிக்காமல் செய்தபோது உயர்சாதிப் பையன்களுக்கும் தலித் பையன்களுக்கும் வித்தியாசமே இல்லை. பேரோடு சேர்த்துச் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுச் செய்யச் சொன்னபோது தலித் பையன்களின் எண்ணிக்கை சரிந்து விழுந்தது. புதிர் அதேதான். பையன்களும் அந்த ஊர்ப் பையன்கள்தான். கூடுதலாக நடந்தது சாதியை வாய்விட்டு வாசித்தது மட்டும்தான். எங்கள் மைதானங்களில் அந்த வாசிப்பு ஒரு நாளும் நின்றதில்லை.

எனக்குத் தெரிந்த மைதானத்தைச் சொல்கிறேன். எங்கள் காலனிக் குழுவில் நானும் சில வருஷம் கபடி ஆடியிருக்கிறேன். நான் பிடிக்கிற ஆள், என் பெரியப்பா மகன் பாடப் போகிறவன். பொங்கலுக்குப் பொங்கல் சுத்துப்பட்டு ஊர்களில் போட்டி நடக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பேர் இருக்கும். மைக்கில் அந்தப் பேர்களைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் முறை வந்தால் மட்டும் 'காலனிப் பசங்க ரெடியா இருங்க' என்பார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்த பேர் அம்பேத்கர் பேர். அந்தப் பேரைச் சொல்ல மைக்குக்கு வாய் வராது.

ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் குழுவை நடத்திய அண்ணன் கூட்டி வைத்துப் பேசுவார். மற்ற குழுக்களில் எப்படிப் பாடுவது, யாரை மடக்குவது என்று பேசுவார்கள். எங்கள் அண்ணன் பேசுவது வேறு. "பாயிண்டு எடுத்தா கத்தாதீங்கடா. தொடையத் தட்டாதீங்க. அவன் தள்ளினா தள்ளிட்டுப் போறான், மொறைக்காதீங்க. ஜெயிச்சா அங்கயே நிக்காதீங்க, மூணு மூணு பேரா கெளம்பிருங்க." இதுதான் எங்களுக்குக் கிடைத்த மனப் பயிற்சி. தொடையைத் தட்டுவது கபடியில் பிறந்த பாஷை. வா பார்க்கலாம் என்று சொல்வது. அவன் தட்டினால் வீரம், நாங்கள் தட்டினால் திமிர்.

ஒரு வருஷம் இறுதி ஆட்டம் வரை போனோம். எதிரில் போட்டி நடத்துகிற ஊர்க் குழு. கடைசியில் இரண்டு பாயிண்டு எங்களுக்குக் கூடுதல். என் அண்ணன்காரன் பாடப் போகிறான். அவன் தலைக்குள் ஓடிய கணக்கைப் பிறகு சொன்னான். மூச்சு ஒரு கணக்கு, முப்பது செகண்டு ஒரு கணக்கு, கோடு ஒரு கணக்கு. இதற்கு மேல் கூட்டத்தில் யார் யார் எழுந்து நிற்கிறார்கள், எங்கள் சைக்கிள்கள் எங்கே நிற்கின்றன, வேடிக்கை பார்க்க வந்த தம்பிகள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்னொரு கணக்கு. எதிராளி ஒரே ஒரு ஆட்டம் ஆடினான். நாங்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆடினோம். ஜெயித்தோம். கோப்பையைத் துண்டுக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக வீடு வந்தோம். காலனிக்குள் நுழைந்த பிறகுதான் ஒருத்தன் தொடையைத் தட்டினான்.

இப்படி வளர்ந்தவனிடம் வந்து உணர்ச்சியைக் கட்டுப்படுத்தப் பயிற்சி தருகிறேன் என்கிறீர்களே, அந்தப் பாடத்தில் அவன் உங்களுக்கு வாத்தியார் அய்யா. அவனுக்குத் தெரியாதது கட்டுப்பாடு இல்லை. கட்டு இல்லாமல் ஆடுவது எப்படி என்பதுதான் அவனுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருக்கிறது.

பல்வங்கர் பாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1876இல் பிறந்த சமார். புனேயில் வெள்ளைக்காரன் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டுகிற வேலை பார்த்தவர். அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டே இடக்கைச் சுழற்பந்தில் கைதேர்ந்தார். பந்துவீச ஆள் வேண்டும் என்பதால் புனே இந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண் குவளை. சாப்பாடு தனியாக. அப்படிக் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பந்து போட்டார். 1906இல் இந்துக்கள் வெள்ளையரைத் தோற்கடித்தபோது விக்கெட்டுகளை வீழ்த்திக் கொடுத்தது அவர் கை. 1911இல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது அந்தப் பயணத்தில் நூறுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். ஆனால் இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது, அதுவும் சண்டை போட்ட பிறகு.

அந்த மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் பாலு தன் உணர்ச்சியை எப்படிக் கையாண்டார்? எந்தப் பயிற்சிப் புத்தகத்திலாவது இதற்கு ஒரு பாடம் இருக்கிறதா? கடைசி ஓவரில் மனதை எப்படி வைத்துக்கொள்வது என்று ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள். தேநீர் இடைவேளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும்.

கட்டுப்பாடுதான் அவர்கள் கேட்பது என்றால் 1968ஐப் பார்ப்போம். மெக்சிகோ ஒலிம்பிக், 200 மீட்டர் ஓட்டம். டாமி ஸ்மித் 19.83 செகண்டில் உலக சாதனையோடு தங்கம். ஜான் கார்லோஸ் வெண்கலம். இரண்டு பேரும் கறுப்பர்கள். மேடையில் தலையைக் குனிந்து கறுப்பு உறை போட்ட கையை உயர்த்தி நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையும் திட்டவில்லை. அதைவிடக் கட்டுப்பாடான கோபத்தை விளையாட்டு உலகம் பார்த்திருக்குமா? அவர்களை ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றினார்கள். ஆக, கேட்டது கட்டுப்பாட்டை இல்லை, கீழ்ப்படிதலை. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்து நம்மிடம் விற்கிறார்கள்.

2021க்கு வருவோம். ஜூலை 11, ஐரோப்பியக் கால்பந்து இறுதிப் போட்டி. இங்கிலாந்து பெனால்டி உதையில் இத்தாலியிடம் தோற்றது. தவறவிட்ட மூன்று பேரும் கறுப்பின இளைஞர்கள், ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா. சாக்காவுக்கு அப்போது 19 வயசு. அன்று ராத்திரியே இனவெறி வசவு கொட்டியது. கோல் போட்டால் இங்கிலாந்துக்காரன், தவறவிட்டால் கறுப்பன். அடுத்த மாதம் இங்கே அதே கதை. ஆகஸ்ட் 4, டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி அரையிறுதி. அர்ஜென்டினாவிடம் இந்தியா 2–1 என்று தோற்றது. ஹரித்வார் பக்கத்தில் ரோஷ்னாபாத் கிராமத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சில பேர் வெடி வெடித்து ஆடினார்கள். சாதியைச் சொல்லி ஏசினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்றார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். போலீஸ் வழக்குப் பதிந்து கைதும் செய்தது.

யார் இந்த வந்தனா? அதற்கு நாலு நாள் முன்னால் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் இந்தியப் பெண். அந்த மே மாதம்தான் தகப்பனார் இறந்துபோயிருந்தார். பயிற்சி முகாமில் இருந்ததால் முகம் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. சொந்த வீட்டு வாசலில் இத்தனையும் நடந்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 6, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இறங்கி பிரிட்டனுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். 4–3 என்று இந்தியா தோற்றது. 2025இல் அவர் ஓய்வு பெற்றபோது நாட்டுக்காக 320 ஆட்டம் ஆடியிருந்தார்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கைதட்டும். என்னே மன உறுதி, என்னே தன்னம்பிக்கை, எல்லாப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்பார்கள். நிறுத்துங்கள். வந்தனா கோல் போட்டது அவருடைய பெருமை. அதை உங்கள் குற்றத்துக்கு மருந்தாக்காதீர்கள். அன்று அவர் கோல் போடாமல் இருந்திருந்தால்? கால் தடுமாறியிருந்தால்? அப்போது என்ன சொல்லியிருப்பீர்கள்? அழுத்தத்தைத் தாங்கத் தெரியவில்லை என்றுதானே? வாசலில் வெடி வெடித்தவனுக்கு மனநலப் பாடம் கிடையாது. வெடிச்சத்தம் கேட்டவளுக்குத்தான் பாடமா?

அதே டோக்கியோவில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், என் மனசும் உடம்பும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கவில்லை என்று அணிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். அவரும் கறுப்பினப் பெண்தான், அவரும் வசவு வாங்கினார். ஆனால் விலக முடிந்தது, திரும்பி வரவும் முடிந்தது. 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். நம் பிள்ளைகளில் யாருக்கு விலகுகிற வசதி இருக்கிறது? விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை, அதை நம்பி ஒரு கூரை, ஒரு தங்கச்சி கல்யாணம். ஒரு ஆட்டம் போனால் இத்தனையும் போகும். இதற்குப் பேர் போட்டிப் பதற்றமா? இது வயித்துப் பதற்றம்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனை மறந்திருக்க மாட்டீர்கள். அப்பா அம்மா செங்கல் சூளைக் கூலிகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. அடுத்த சில நாளில் பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவருடைய உடம்பு செய்தித்தாளில் விவாதப் பொருளானது. 2007இல் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார், பிழைத்தார். 2012இல் அதே சூளையில் கூலி வேலை பார்த்தார். பிறகுதான் பயிற்சியாளர் படிப்பு, அரசுப் பயிற்சியாளர் வேலை.

இதோடு தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவை வைத்துப் பாருங்கள். 2009இல் அவருக்கும் இதே 800 மீட்டர், இதே பரிசோதனை. அவருக்குப் பின்னால் அவருடைய நாடு எழுந்து நின்றது, அரசாங்கம் சண்டை போட்டது. அவருடைய தங்கம் அவரிடமே இருந்தது. பிறகும் ஓடினார், ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். சாந்தியைவிட செமன்யாவுக்கு மனசு கெட்டி என்று யாராவது சொல்வீர்களா? ஒருத்திக்குப் பின்னால் ஆள் நின்றது. இன்னொருத்திக்கு இந்த நாட்டின் விளையாட்டு அமைப்புகள் முதுகைக் காட்டின. மன உறுதி என்று நீங்கள் சொல்வதில் பாதி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான்.

நம்மவர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. நம் பிள்ளை ஒருத்தி ஜெயித்தவுடன் சுவரொட்டி அடிக்கிறோம், கூட்டத்துக்குக் கூப்பிடுகிறோம், 'சமூகத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டாய்' என்கிறோம். ஏன் அய்யா, அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஊரின் கண்ணைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. நம் மானத்தையும் அதன் தோளில் ஏற்றினால் எப்படி ஓடும்? அவன் வீட்டுப் பையன் பத்துத் தடவை தோற்றுவிட்டுப் பதினொன்றாவது தடவை வரலாம். யாரும் அவன் சாதி தோற்றதாக எழுதப்போவதில்லை. நம் பிள்ளைக்கும் அந்த உரிமை வேண்டும். ஜெயிக்கிற உரிமைக்காக நிறைய எழுதிவிட்டோம். சாதாரணமாகத் தோற்கிற உரிமைக்காகவும் எழுதுவோம்.

அதற்காக மூச்சுப் பயிற்சி வேண்டாம், மன ஒருமைப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூச்சை இழுத்து நிறுத்தி விடுவது, ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரே மாதிரிச் செய்து மனசை நிலைக்கு இழுத்து வருவது, இதெல்லாம் தொழில்நுட்பம். தொழில்நுட்பம் யாருக்கும் சொந்தமில்லை. எடுத்துக்கொள்வோம். அதன் முதுகில் உட்கார்ந்து வருகிற அடங்கிப்போ என்ற உபதேசத்தை மட்டும் இறக்கி விடுவோம். கோட்டுக்குள் நிதானம் ஆயுதம். கோட்டுக்கு வெளியே அதே நிதானத்தை நம் தலையில் கட்டினால் அது விலங்கு.

செய்ய வேண்டியது என்ன? பொதுப் பார்வையில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மைதானத்தைவிடப் பொதுப் பார்வை எது? மைக்கிலும் கூட்டத்திலும் வருகிற வசவுக்கு வழக்குப் போடுவோம். போட்டி நடத்துகிறவனைப் பொறுப்பாக்குவோம். விளையாட்டு விடுதிகளில் மன ஆலோசகர் வைக்கிறீர்களா, வையுங்கள். சாதி என்றால் என்னவென்று தெரிந்தவராக, பிள்ளை வாயைத் திறந்தால் நம்புகிறவராக வையுங்கள். 'இங்கே சாதியெல்லாம் கிடையாதும்மா' என்று ஆரம்பிக்கிற ஆலோசகர் வேண்டாம். பயிற்சியாளர் வேலையிலும் அணி தேர்வு செய்கிற நாற்காலியிலும் நம் ஆட்கள் உட்கார வேண்டும். மாணவத் தோழர்கள் தங்கள் கல்லூரி மைதானத்திலிருந்தே இதை ஆரம்பிக்கலாம். யாரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டாலே போதும், எழுத நோட்டு பத்தாது.

இனிமேல் 'உன் மனசைக் கட்டு' என்று யாராவது வந்தால் நம் பிள்ளை இப்படிக் கேட்கட்டும்: "சரி சார், நான் என் மனசைக் கட்டுறேன். அவன் வாயை யாரு கட்டுறது?" பதில் வரும்வரை நம் பிள்ளைகள் தொடையைத் தட்டட்டும். காலனிக்குள் வந்து இல்லை, களத்தின் நடுவிலேயே நின்று தட்டட்டும்.